வெள்ளைக் குளிகையில் பாதி

இன்று வடசேரிச் சந்தையில் நாட்டுமருந்துக் கடையைத் தாண்டும்போது நீரடிமுத்து எண்ணெயின் வாடை வந்தது. காய்கறிக்காரி கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் நின்றுவிட்டேன். கண்ணை மூடினால் குஷ்டரோக ஆஸ்பத்திரி வார்டு, அடுத்தடுத்த கட்டில்களில் நீயும் நானும். நீ இறந்து இரண்டு மாதமாகிறது என்று மனதுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்; அது நம்ப மறுக்கிறது.

டாக்டரம்மா முதல்நாளே சொல்லியிருந்தார். பாதிப் பேருக்குப் பழைய நீரடிமுத்து எண்ணெய் ஊசி, பாதிப் பேருக்குப் புதிதாக வந்த வெள்ளைக் குளிகை. எது கேட்கிறது என்று ஒரு வருஷம் பார்த்து எழுதுவார்கள், யாரும் மருந்தை மாற்றக் கூடாது. உனக்குக் குளிகை, எனக்கு ஊசி. ஊசி போட்ட அன்று உட்காரக்கூட முடியாது. அஞ்சுகிராமத்தில் நான் விட்டுவந்த மகளுக்கு அப்போது நாலு வயது. காதுமடலைக் கீறிப் பார்த்துக் கிருமி இல்லை என்றால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

உன் வீடு மண்டைக்காடு. அம்மன் கோயில் மாசிக் கொடை முடிந்து உன் அம்மா மண்டையப்பம் கொண்டுவந்தாள். நீ அதைப் பிட்டு என் கையில் வைத்தாய்.

"நேர்ச்சை அப்பத்தத் தனியா தின்னா பலிக்காது, மக்கா."

மறுநாள் உன் குளிகையையும் பல்லால் கடித்து இரண்டாக்கினாய். "மருந்துக்கும் அதாக்கும் சட்டம்." எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்! நான் சிரித்தேன், வாங்கியும்கொண்டேன். புன்னை நிழலில், கடல்காற்றில், பாதி உறக்கத்தில் மாதக்கணக்காக அந்தக் கசப்பைச் சேர்ந்து விழுங்கினோம். இப்போது நினைத்தால் அத்தனை மத்தியானங்களும் முடியாத ஒரே மத்தியானமாகத் தோன்றுகின்றன.

என் காதுமடல் தடிப்பு வற்றியது. டாக்டரம்மா கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் துள்ளாத குறை. இன்னொரு தடவையும் இப்படிக் கிருமி இல்லை என்று வந்தால் நான் வீட்டுக்குப் போகலாம் என்றார். எண்ணெய் இவ்வளவு கேட்கிறதென்றால், அடுத்து வரும் பெண்களுக்கும் அதையே போடலாம் என்றார்.

வாயைத் திறக்காதே என்று நான் உன் கையை அழுத்தினேன். "ஏட்டி, மிண்டாத. எனக்க பிள்ள காத்திருக்கா."

நீ கையை விலக்கிக்கொண்டாய். "டாக்டரம்மா, இவளுக்குக் கேட்டது எண்ணெய் இல்ல. எனக்க குளிகையாக்கும்." பிறகு என்னிடம் திரும்பினாய். "வரப்போறவளுக்கு யாருட்டி பாதி குடுப்பா?"

டாக்டரம்மா கோபத்தில் நம் இருவர் பெயரையும் ஆராய்ச்சி நோட்டிலிருந்து அடித்துவிட்டார். நான் வீடு திரும்பும் கனவும் அதோடு போயிற்று என்று நாலு நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் எனக்கும் முழுக் குளிகை வந்தது. அன்றும் நீ உன்னுடையதைக் கடிக்கப் போனாய். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அடுத்த வருஷம் நான் வீடு வந்தேன். நீயும் பிறகு வந்தாய், இடது கையில் இரண்டு விரல் மடங்கி, சூடு தெரியாமல். எனக்குக் கொடுத்த பாதியால் வந்ததா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை. மன்னித்துக்கொள்.

நேற்று மகளைக் குளிப்பாட்டித் தலை பின்னினேன். "இழுக்காதம்மா" என்று சிணுங்கினாள். அவளுடைய ஈரமுடி ஒவ்வொன்றும் என் விரல் நுனியில் தெரிந்தது. உன் விரல்களுக்கு உரியதை நான் வைத்திருக்கிறேன், ஏட்டி.