கிட்டத்தான்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
4.2.2007

அன்பு மச்சான் றெஜினோல்ட்,

நீ அனுப்பிய பாலைவனப் பள்ளத்தாக்குப் படம் கிடைத்தது. ஒக்டோபரில் இருவருமாக அடியில் ஓடும் ஆற்றுவரை இறங்குவோம் என்கிறாய். எத்தனை மணித்தியாலம், தண்ணீர் எங்கே, ஒன்றும் எழுதவில்லை. எதை ஒளிக்கிறாய்? புளோறன்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "இதிலை பாதை எங்கையப்பா கிடக்கு?" என்கிறாள். மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வது?

அருட்செல்வம்

பீனிக்ஸ், அரிசோனா
20.2.2007

அன்பு அருள்,

என்னடாப்பா, பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்கிறாய்? நல்ல சப்பாத்தும் தொப்பியும் கொண்டு வா, மிச்சத்தை நான் பார்க்கிறேன். ஆறு கிட்டத்தான்.

றெஜி

ஒஸ்லோ, 9.3.2007

றெஜினோல்ட்,

அந்தச் சொல்லை வாசித்ததும் கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டேன். 91இல் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிக் களவாக எல்லை கடந்தபோது, போலந்துக் காட்டுப் பனியிலும் "உந்தா, கிட்டத்தான்ரா" என்று சொல்லிச் சொல்லியே என்னை நடத்தினாய். இடது காலில் இரண்டு விரல் போனது அங்கேதான். தூரம் உனக்கும் தெரியாது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். போன சனி, அன்று எங்களோடு நடந்த வரதராசாவை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கண்டேன். "ஏஜென்சிக்காரன் றெஜியிட்டை ஒம்பது மணித்தியாலம் எண்டு சொன்னவன்" என்கிறான்.

உண்மையா? பதில் இல்லையென்றால் நான் வரமாட்டேன், இனி எழுதவும் மாட்டேன்.

அருட்செல்வம்

பீனிக்ஸ், 24.3.2007

அருள்,

உண்மை. சொல்லியிருந்தால் பனியிலேயே இருந்துவிடுவாய் என்று பயந்தேன். உன்னை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

இப்போது கேள். இறங்க ஐந்து மணித்தியாலம், ஏற ஒன்பது. பாதை கிடையாது, யாரும் திருத்துவதுமில்லை. ஒரே செங்குத்து, காலடியில் கல் உருளும். ஆறுவரை சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுக்கு ஏழு லீற்றர் சுமக்க வேண்டும்; அதில் ஒரு பங்கை ஏறும்போது குடிக்க வழியிலேயே ஒளித்து வைப்போம். வராவிட்டால் தேடுவதற்காக, திரும்பும் நேரத்தை இங்கே பள்ளத்தாக்குக் காவலரிடம் எழுதிக் கொடுப்பேன், நீ புளோறன்ஸிடம் கொடு. விரல் இல்லாத காலுக்கு இறக்கம்தான் ஆபத்து.

தூரம் மச்சான், சரியான தூரம். வராவிட்டாலும் கோபிக்க மாட்டேன்.

றெஜி

ஒஸ்லோ, 15.4.2007

மச்சான்,

விரல் போனதில் எனக்குக் கோபமில்லை. தூரத்தைச் சொன்னால் உன்னோடு நடக்கமாட்டேன் என்று நினைத்தாயே, அதுதான் சுடுகிறது.

ஏழு லீற்றரை முதுகில் போட்டுக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறிப் பழகுகிறேன். இடது சப்பாத்து முனையில் பஞ்சு அடைத்திருக்கிறேன். இன்று நான்காம் மாடியில் மூச்சு வாங்கி இருந்துவிட்டேன். புளோறன்ஸ் மேலே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஏழு மாடி கிடக்கப்பா" என்றாள்.

எழும்பி ஏறினேன்.

அருள்