திருவருகைக் காலத்து வருகைப் பதிவேடு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், காய்ச்சல் இருமல் ஒன்றும் கிடையாது, தலைவலி எனக்கு மட்டும், அந்தத் தலைவலிக்குப் பெயர் உன் அப்பா. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், இல்லாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது சுகமாக இரு. போனில் சொன்னால் ஆகாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ அங்கே காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், இங்கே மத்தியானம் அப்பா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறாய், அந்தப் பத்து நிமிடத்தில் பாதி கேட்குதா கேட்குதா என்றே போய்விடுகிறது, மீதியில் நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பதும் சாப்பிட்டேன் என்று நீ பொய் சொல்வதும்தான் நடக்கிறது. இது அப்படிச் சொல்லி முடிகிற கூத்து இல்லை.

கிறிஸ்துமஸை எதிர்பார்க்கிற திருவருகைக் காலம் தொடங்கி எட்டு நாள் ஆகிறது. வழக்கம்போல அப்பா பரண்மேல் ஏறி அந்த ஸ்டியரிங் சக்கரத்தை இறக்கினார். ஊரில் எல்லார் வீட்டிலும் கம்பியிலோ குச்சியிலோ வளையம் செய்து இலை சுற்றி வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுதிரி வைக்கிறார்கள், நம் வீட்டில் மட்டும் அப்பா ஓய்வுபெற்ற அன்று பஸ் டிப்போக்காரர்கள் கொடுத்த ஸ்டியரிங்தான் வளையம். நம் மாப்பிள்ளை சும்மா இருக்கிறாரா, மாமா அப்படியே ஒரு ஹாரனும் வச்சிருங்க, ஜெபத்துக்குக் கூப்பிட வசதியா இருக்கும் என்றார். உன் அக்கா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஒயரிங் வேலைக்காரர் இல்லையா, மெழுகுதிரிக்குப் பதிலாகப் பேட்டரி போட்ட திரி வந்திருக்கிறது, ஊதவும் வேண்டாம் உருகவும் வேண்டாம், நாலு வாங்கிவரவா என்று வருடாவருடம் கேட்கிறார், அப்பா வருடாவருடம் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். ஊதாத் திரி மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று, நான்தான் கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்தேன். உடனே அந்தப் பதிவேடும் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பதிவேட்டை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் ஓய்வுபெற்ற வருடம் பங்குச் சாமியார் பூசையில் என்ன சொன்னார், திருவருகைக் காலத்தில் குடும்ப ஜெபத்துக்கு ஒருவரும் தவறக் கூடாது என்றார். இவர் காதில் வருகை என்ற ஒரு சொல் விழுந்ததுதான் தாமதம், மறுநாளே கடைக்குப் போய் நீளமாகக் கோடு போட்ட வருகைப் பதிவேடு ஒன்றை வாங்கிவந்துவிட்டார். ஏங்க, சாமியார் சொன்னது ஆண்டவரோட வருகை, நம்ம வருகை இல்ல என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆண்டவர் வர்றப்ப நாம ஆஜரா இருக்க வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். முப்பத்தோரு வருடம் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து வண்டி வந்ததையும் போனதையும் எழுதிய கை, எதையாவது எழுதாமல் அரிக்கிறது. அங்கே எல்லாரும் அவரை நிமிஷம் என்றுதானே கூப்பிடுவார்கள், நிமிஷம் வர்றாரு என்றால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்களாம். இப்போது ஓட நாங்கள் இருக்கிறோம். ஏழு மணி ஜெபத்துக்கு நான் கை கழுவிவிட்டு வர இரண்டு நிமிடம் ஆனால் என் பெயருக்கு நேரே இரண்டு நிமிடம் என்று விழுந்துவிடும். கட்டிய பெண்டாட்டிக்கு இந்த மரியாதை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், உனக்கும் அவருக்கும் போன வருடம் முட்டிக்கொண்டதே இந்தப் பதிவேட்டினால்தானே. மூன்றாம் ஞாயிறு, ரோஜாத் திரி ஏற்றும் நாள், மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர், நம் வீட்டில்தான் அன்றைக்கு ஒப்பாரி. நீ அங்கிருந்து போனில் பைபிள் வாசகம் வாசிப்பதாக ஏற்பாடு. இங்கே ராத்திரி ஏழு மணி உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அதற்குள் கூப்பிட்டுவிடுவாய் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைக்கிற அந்தக் கண்ணாடிப் பட்டறையில் உன்னை விடவில்லை, ஏதோ ஒரு லென்ஸ் வில்லை தேய்த்து முடியவில்லை, நீ என்ன செய்வாய். ஏழு பத்துக்கு அவர் திரியை ஊதி அணைத்துவிட்டு உன் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதினார். ஏழு பதினொன்றுக்கு உன் போன் வந்தது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அதை நான் இன்றைக்கும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீயும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை, உன்னைப் பெற்றவள் சொல்கிறேன். வண்டிக்கு வெச்ச சட்டத்த புள்ளைங்களுக்கும் வெப்பீங்களா, அப்ப என் பேரையே அதுலேருந்து அடிச்சிருங்க என்று கத்தினாய். அவர் சரி என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார். அத்தோடு சரி. ஒரு வருடமாக அப்பனும் மகளும் பேச்சு இல்லை, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து இல்லை, அவர் கண் புரை ஆபரேஷனுக்குப் போனபோதுகூட நீ என்னிடம்தான் விசாரித்தாய், உன் சம்பளம் கூடியதை அவர் என்னிடம்தான் விசாரித்தார். நடுவில் நான் என்ன தபால்காரியா? இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் ஒரு திரி மட்டும் எரியும், பத்து நிமிட ஜெபம், முடிந்ததும் அணைத்துவிடுவோம், அப்படிப் பார்த்தால் அந்தத் திரி நாலு வாரமும் தாங்க வேண்டும். சனிக்கிழமை வளையத்துக்கு வாடின இலையை மாற்றலாம் என்று போனால், அந்த முதல் திரி என் சுண்டுவிரல் உயரத்துக்கு நிற்கிறது! மற்ற மூன்றும் ஒரு சாண் இருக்கின்றன. எனக்கு வந்ததே கோபம். இந்தக் கடைக்காரன் உள்ளே பொக்கையாக வார்த்துத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தத் துண்டுத் திரியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வரிந்து கட்டிக்கொண்டு போனேன். கடையில் நாலு பேர் இருக்கிறார்கள், பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற டீச்சரும் இருக்கிறார், நான் ஒன்றையும் பார்க்கவில்லை. சாமிக்கு ஏத்துற திரியிலயே இந்த வேலைன்னா மத்த சாமான்ல என்னல்லாம் செய்வீங்க என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் பேசினேன். அந்த மனிதர் நல்லவர், அல்லது என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்தவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அதே கட்டிலிருந்து ஒரு திரியை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் ஏற்றி வைத்து, எனக்கு ஒரு ஸ்டூலும் போட்டு, உட்காருங்கம்மா, பத்து நிமிஷம் பார்ப்போம் என்றார். பார்த்தோம். பத்து நிமிடத்தில் திரியின் முனைதான் கருகிக் கொஞ்சம் குழிந்திருந்தது, அவ்வளவுதான். திரி மேல தப்பு இல்லம்மா, ஜெபம் முடிஞ்ச பிறகும் உங்க வீட்ல யாரோ இத எரிய விடுறாங்க, தெனமும் ஒரு மணி நேரமாவது எரிஞ்சிருக்கணும் என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த டீச்சர் வேறு என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராமல், அவர் நீட்டின புதுத் திரியை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஜெபம் முடிந்ததும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன், அக்கா துணி மடிக்கப் போவாள், மாப்பிள்ளை போனும் கையுமாக வாசலுக்குப் போவார். அணைக்கிறது அப்பா பொறுப்பு. அவர் முன் அறையிலேயே உட்கார்ந்திருப்பார், திரைச்சீலை போட்டிருக்கும், பேப்பர் படிக்கிறார் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு ஆறுது வாங்க என்றால் வர்றேன் வர்றேன் என்பார், எட்டு மணிக்கு முன் வரமாட்டார், நான் இரண்டு தடவை குழம்பைச் சூடு பண்ண வேண்டும். நேற்று இரண்டாம் ஞாயிறு, ஜெபம் முடிந்து பத்து நிமிடம் கழித்துத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பேப்பரும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு திரியும் எரிந்துகொண்டிருக்கிறது, அவர் கை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பதிவேடு, அதன்மேல் அவருடைய போன், கூப்பிட்டால் தெரிகிற மாதிரி மல்லாக்க வைத்து. நேராகப் போய்க் கேட்டால் ஒன்றும் பெயராது என்று எனக்குத் தெரியாதா. இன்று காலை அவர் கண் டாக்டரிடம் போனதும், முதல் தடவையாக அந்தப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். இத்தனை வருடத்தில் அதைத் தொட்டதில்லை, என் நிமிடக் கணக்கை நானே படித்து வயிறு எரிவானேன் என்று விட்டிருந்தேன்.

உன் பெயரை அவர் அடிக்கவில்லை. நாங்கள் மூன்று பேர், அதற்குக் கீழே நாலாவது வரியில் கடைசி வண்டி என்று எழுதியிருக்கிறார். அக்கா பிறந்து ஒன்பது வருடம் கழித்து நீ வந்தாய் என்று உன்னை அப்படித்தானே கூப்பிடுவார். இந்த எட்டு நாளும் அதற்கு நேரே தாமதம், தாமதம், தாமதம் என்று எழுதியிருக்கிறது. இது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் டிப்போச் சட்டம் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நீ. வண்டி வரவில்லை என்று எழுதினால் டைம் கீப்பர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தாமதம் என்று எழுதினால் வண்டி வருகிற வரைக்கும் விளக்கு எரிய வேண்டும், அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. என் திரி தீர்ந்த கதை இதுதான். பக்கத்தைப் பின்னால் தள்ளிப் போன வருடத்து மூன்றாம் ஞாயிறையும் பார்த்தேன். வரவில்லை என்று எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, மேலே தாமதம், பதினொரு நிமிடம் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறார். தேதி மறுநாள் திங்கட்கிழமை. முப்பத்தோரு வருடத்தில் என் ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் திருத்தல் காட்டு பார்ப்போம் என்று மார் தட்டுவாரே, அந்த மனுஷன். மறுநாளே திருத்தியிருக்கிறார், ஒரு வருடமாக என்னிடம்கூட மூச்சு விடவில்லை, கல்லுளிமங்கன். எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்றே தெரியவில்லை, இரண்டும் வந்தது.

அவர் வந்ததும் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். சின்னவளுக்கு நீங்களே ஒரு போன் போட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும் என்றேன். அதற்கு என்ன பதில் தெரியுமா, டைம் கீப்பர் கூண்ட விட்டு எறங்கி ரோட்டுல வண்டிய தேடிட்டுப் போகக் கூடாது, வண்டிதான் வரணும் என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. பதிவேட்டைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லித் தொலைக்காதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டுப் பத்து நாள் பிடிக்கும், வருகிற ரோஜாத் திரி ஞாயிறுக்குக் கிடைக்காது, அதற்குமுன் போனில் அரைகுறையாகச் சொல்லி நீங்கள் மறுபடி முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது, அன்றைக்கும் அவர் உட்கார்ந்திருப்பார், அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. நாலாம் ஞாயிறுக்குள் கிடைத்துவிடும். அன்று இங்கே ஏழு மணிக்கு அவர் போனுக்குக் கூப்பிடு, என் போனுக்கு இல்லை, அவர் போனுக்கு. பட்டறையில் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வை. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், அவருக்கும் கேட்கத் தெரியாது, வாசகத்தை எடுத்து வாசி, அது போதும். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வந்து நில், கிடைக்காவிட்டால் அதையும் அவரிடமே சொல், இனி நான் தூது போக மாட்டேன். வில்லை தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. அக்கா உனக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள், அளவு சரியாக இருக்காது, இருக்கிறது என்று சொல்லிவிடு.

வரப்போகிற ஆண்டவர் உன் வழியிலும் வேலையிலும் கூட இருந்து உன்னைக் காக்கட்டும். உன் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

மறந்துவிடாதே, நாலாம் ஞாயிறு, ஏழு மணி. பதினொரு நிமிடம் ஆனாலும் சரி, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, கூப்பிடு, ஆள் எழுந்திருக்க மாட்டார். கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே. இன்னொரு கட்டு மெழுகுதிரிக்கு அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

இப்படிக்கு,
இரண்டு வீம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட
உன் அம்மா