வெண்கோட்டத்தார் உண்டுவிட்ட விதைநெல்

ஏரி நிறைக. களம் பொலிக. வெண்கோட்டத்திலிருந்து ஆளும் கோ வானவிறல் பெருவேளின் திருவாய்மொழியைத் தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சர் ஆதன் அழிசி, படுகைநாட்டு அதிகாரி கீரன் வேட்கோவுக்கு விடுக்கும் ஓலை. நும் நாட்டு மாந்தரும் மாடுகளும் நலம் பெறுக.

அளவு குறைத்தாள் என்று நீவிர் வயலைப் பறித்த மருதவாய் உழத்தி சாத்தியைப் பற்றியது இது. நீவிர் ஆணைப்படியே செய்தீர். பிழை ஆணையில் இருந்தது. அது எவ்வாறு பிழையாயிற்று என்பது விளங்க வேண்டுமாதலால் சற்று விரித்து எழுதப்படுகிறது.

படுகை வயல் ஒரு போகம் பொங்கும். மறு போகம் ஆற்றோடு போகும். தனியொருத்தி அதை உழுதால் முதல் வெள்ளத்திலேயே அழிவாள். ஆகவே முன்னோர் முன்பங்கு என்றொரு வழக்கை வைத்தனர். தலைநகரக் குடும்பங்கள் சில, விதைப்புக்கு முன்பே உழத்திக்கு உப்பும் துணியும் உணவும் தந்துவிடும். அறுவடையில் விளைந்தது எதுவோ அதில் பங்கு பெறும். கூடினால் கூடுதலாக, குறைந்தால் குறைவாக. அவர்கள் நெல்லை விலைக்குக் கொள்ளவில்லை. வெள்ளத்தின் அச்சத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நெசவாளர் துணி சாத்திக்குப் போயிற்று, சாத்தியின் நெல் நெசவாளர் உலைக்கு வந்தது; செல்வம் நாட்டைவிட்டு வெளியேறாமல் நாட்டுக்குள்ளேயே சுழன்றது.

ஒரு போகம் குறைந்தபோது நகரத்தார் அரண்மனை வாயிலில் முறையிட்டனர். பெருவேள் இரங்கி, எவ்விளைச்சலாயினும் பங்கின் அளவு குறையலாகாது, குறைத்தவர் வயலை இழப்பர் என்று ஆணையிட்டார். நகரம் வாழ்த்தியது. அன்றுமுதல் வெள்ளம் முழுவதும் சாத்தியின் தலையில் இறங்கியது.

சென்ற மாரியில் ஒரே இரவில் நீர் ஏறி, வளர்ந்து எழ நேரமின்றிப் பயிர் மூழ்கியது. சாத்தி தலைநகருக்கு வந்து, பழைய வழக்கின்படி குறைத்துக்கொள்ளுமாறு பங்காளர்களை வாசல்தோறும் வேண்டினாள். உப்பு வணிகர் நன்னன், துறைமுகத்தில் மலிந்து கிடக்கும் கப்பலரிசி கடலையே கடந்து வருகிறதே, உன் நெல்லுக்கு மட்டும் கொஞ்சம் நனைந்தாலே சளி பிடிக்குமோ என்று கேட்டாராம். தெருவே சிரித்ததாம். அவள் ஊர் திரும்பி நெற்குதிரைத் திறந்து, விதைநெல்லையே பங்காக அளந்து அனுப்பினாள். அதுவும் போதவில்லை. வயல் போயிற்று, அவள் துறைமுகத்துக்குக் கூலிக்கு வந்து, கப்பலரிசி மூட்டையைச் சுமந்தாள்.

அந்த விதை, நீர் ஏற ஏறத் தானும் கழுத்தை நீட்டி மேலெழும் நெல். மருதவாயன்றி வேறெங்கும் விளையாதது. இப்போது கடலுக்கு அப்பால் போர் மூண்டு கப்பல்கள் நின்றுவிட்டன. படுகையை விதைக்கப் பெருவேள் பணித்தார். மலைநாட்டு விதை வெள்ளத்தில் அழுகியது. ஆகவே இவ்வோலை விடுக்கும் அமைச்சரே துறைமுகத்திலிருந்து சாத்தியை உடன் அழைத்துக்கொண்டு, அவள் விதை எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று காண, அவளுடைய பழைய பங்காளர் வீடுகளுக்கெல்லாம் சென்றார். எங்கும் குத்தியாகிவிட்டது, உண்டு தீர்ந்துவிட்டது. உமி நீங்கிய அரிசி முளைப்பதில்லை. நன்னன், நெல் மிகவும் சுவையாயிருந்தது என்று மட்டும் கூறித் தலைகவிழ்ந்தார். அவர் வாயில் நிலையில் முன்னொரு போகத்தில் சாத்தி அனுப்பி, குருவிகளுக்கென்று தொங்கவிட்ட கதிர்க்கட்டு ஒன்று இருந்தது. குருவிகள் விட்டது ஒரு கைக்குள் அடங்கிற்று.

ஒரு கை நெல் வயலாகப் பல போகம் வேண்டும். அதுவரை பங்கு கேளாமல் சாத்திக்குச் சோறிட முடியுமா என்று பங்காளர்களிடம் வினவப்பட்டது. தம் பிள்ளைகளுக்கே இல்லை என்றனர், அது பொய்யன்று. நம்பிக்கையோடுதான் விதைக்கப் போகிறாயா என்று அமைச்சர் கேட்டதற்கு, இவ்வளவு நெல் சமைக்கப் போதாது, அதனால் விதைக்கிறேன் என்று அவள் விடை கூறி, மணிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இவ்வோலையைக் கொணர்பவள் அவளே. வயலை இன்றே அவளிடம் ஒப்படைப்பீராக. அளவாணை நீக்கப்பட்டது, அவளிடம் ஒரு மணியும் கேளற்க. நாளுக்கு ஒருவேளைச் சோறு நும் மனையிலிருந்து அவளுக்குச் செல்க. அரண்மனைக் களஞ்சியம் இம்மாரியைத் தாண்டாது. அவ்வயலில் குருவி ஓட்ட ஆள் நிறுத்துக.

இது பெருவேளின் ஆணை. மீன்கொத்தி இலச்சினை இட்டோம்.