தூணும் அசைந்த படம்

என் ஆரோக்கியத்துக்கு,

நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. இன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

நம் மகள் ஜெபமாலை திருச்சி மடத்தில் சேர்ந்துவிட்டாள். கன்னியாஸ்திரி ஆகப்போகிறாளாம். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். போயே தீருவேன் என்றுவிட்டாள். நீ போன துக்கத்தில் எடுத்த முடிவு, கொஞ்ச நாளில் தெளிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கடைசிவரை உன் தலைமாட்டிலேயே கிடந்தாளே, அவளிடம் நீ ஏதாவது சொன்னாயா?

அடுத்தது கேமரா. உன் தம்பி அந்தோணி பினாங்கிலிருந்து வந்திருக்கிறான். நம் பெட்டிக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கேமராவையே என் கையில் கொடுத்துவிட்டான். பெட்டிக் கேமராவில் என்ன தொல்லை? வெளிச்சம் உள்ளே போக ஒரே ஓட்டை, அது திறந்து மூட ஒரே வேகம். வெயிலில் நிறுத்தித் தட்டினால் படம். இதிலோ லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், அதில் எண்கள். எண் சின்னதானால் ஓட்டை பெரிது, எண் பெரிதானால் ஓட்டை சின்னது! "கணக்கு வாத்தியாருக்கு நல்லா வேணும்" என்று நீ சிரித்திருப்பாய்.

"ஓட்டையப் பெருசா தெறந்தா இருட்டுலகூட படம் விழும் மச்சான்" என்றான் அந்தோணி. "ஆனா யாரைப் பாத்து வைக்கிறீங்களோ அவுக மட்டுந்தான் தெளிவு. பின்னாடி எல்லாம் பொகையாப் போயிரும். சுருக்குனா எல்லாமே தெளிவு. வெளிச்சந்தான் பத்தாது. அதுக்கு லென்ஸை ரொம்ப நேரம் தெறந்து வைக்கணும். அப்ப ஆடப்படாது."

ஜெபமாலை புறப்பட்ட காலையில், பூசை முடிந்ததும் நம் கோயிலில் பீடத்தின் முன்னால் அவளை நிறுத்தினேன். நீயும் நானும் கைப்பிடித்த இடம். அவளும் வேண்டும், பின்னால் மாதாவும் வேண்டும், பக்கத்துத் தூணும் வேண்டும். எனக்கு எதையும் விட மனசில்லை. ஓட்டையைச் சுருக்கி, லென்ஸ் அரை நொடி திறந்திருக்கும்படி வேகத்தைக் குறைத்தேன். எதன் மேலாவது வைத்து எடுக்கச் சொன்னான் அந்தோணி. நான் கேட்பேனா? கையிலேயே பிடித்தேன்.

"அசையாம நில்லு ஆத்தா. அசைஞ்சா படம் போச்சு."

"நான் நிக்கிறேம்ப்பா. நீங்க எடுங்க."

எடுத்தேன். திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

நேற்று புதுக்கோட்டை ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது. முகம் கலங்கி, கண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "பாத்தியா, அவளால அரை நொடி நிக்க முடியல. மனசு நிக்காமத்தானே உடம்பு ஆடியிருக்கு? நாளைக்கே போயிக் கூட்டியாந்துர்றேன்" என்று அந்தோணியிடம் குதித்தேன்.

அவன் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"இங்கிட்டு வாங்க மச்சான். மாதா சுரூபத்தப் பாருங்க. மெழுகுவத்தியப் பாருங்க. எல்லாம் ஒரே பக்கமா இழுத்திருக்கு. புள்ள ஆடியிருந்தா புள்ள மட்டுந்தான கலங்கியிருக்கும்? தூணுமா ஆடுச்சு?"

நான் குனிந்து தூணைப் பார்த்தேன்.

"அவ ஆடல மச்சான். நீங்கதான்."

படத்தைப் பிடுங்கி அலமாரியில் போட்டேன். போய் எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன். எத்தனை தடவை பார்த்தாலும் தூண் ஆடித்தான் இருக்கிறது. அவளைப் பிரிய எனக்குத்தான் தெம்பில்லை, ஆரோக்கியம். அதை அவள் மேல் ஏற்றிவிட்டேன்.

விடிந்ததும் திருச்சிக்குப் போகிறேன். திரும்பி வரும்போது உடுத்திக்கொள்ளட்டும் என்று பையில் வைத்திருந்த அவளுடைய ஊதாச் சேலையை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். கேமரா மட்டும் வருகிறது. மடத்தில் அனுமதித்தால் வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுப்பேன். ஓட்டையை முழுக்கத் திறந்து, வேகத்தைக் கூட்டி, அவள் முகத்தை மட்டும். பின்னால் எது புகையாய்ப் போனாலும் போகட்டும். அப்படி எடுத்தால் கை நடுங்கினாலும் படத்தில் தெரியாதாம்.

வீட்டுக்கு வா என்று அவளை ஒருபோதும் கூப்பிட மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
ஜெபமாலையின் அப்பா,
சூசை