கம்பளிக்கு ஒரு தோள்

அன்பு மகளே,

ஆண்டவருக்குத் தோத்திரம்! நான் உன்னோடு இருக்கப் பலாங்கொடைக்கு வரவில்லை, எனக்கு இங்கேயே வேலை வந்துவிட்டது!

"வேதக்காரனுக்குத் தோள் குடுக்க மாட்டோம்" என்று நோயில் கிடந்த உன் அம்மாவைக் கம்பில் கட்டிய கம்பளியில் வைத்துத் தூக்க மறுத்தாரே தோட்டத் தலைவர், அவர் மருமகளுக்கு நேற்று பிரசவ வலி. மண்சரிவால் நம் லயத்து வீடுகளுக்கு வண்டி வரவில்லை, தூக்கவும் ஆள் போதவில்லை.

அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் சிலுவை சுமந்தவரை நினைத்துக் கம்பளிக் கம்பைத் தோளில் வைத்தேன்.

"அண்ணே, நீங்களா?" என்று தலைவர் அழுதார்.

"அழுவாம பின்னால புடிங்க!"

பெண் குழந்தை, தாயும் சுகம்!

உன் அம்மாவைத் தனியாகச் சுமந்தும் ரோடு வரை உயிரோடு கொண்டுபோக முடியவில்லை. இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், மகளே! இனி இந்த லயத்தில் யார் விழுந்தாலும் முதல் தோள் என்னுடையது.

சாமான் ஏற்ற லொறி அனுப்பாதே.

பிடிவாதம் மாறாத
உன் அப்பா