"கை!" என்று கத்துகிற வேலை

அன்பு மருமகளுக்கு,

மாமா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இதை உன் அம்மாவிடம் மூச்சு விடாதே.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எங்கள் தொழிற்சாலைக்கு வந்த புது மேனேஜர் 'விபத்தில்லாத நாட்கள்' என்று பலகை மாட்டினார். காயம் பட்டாலோ மெஷின் நின்றாலோ அந்தப் பிரிவுக்கே ஞாயிறு லீவு கிடையாதாம். "இனிமே காயம் குறையாது, சொல்ற வாய்தான் குறையும்"னு அப்போதே சொன்னேன். எட்டாவது தாண்டாத மூளை என்னுடையது! ஆட்களை நிர்வாகம் பண்ணப் படித்தவள் நீ, உன் புத்தகத்தில் இது இருக்கிறதா பார்.

நானும் உன் தம்பியும் நிற்கிற தகடு மடிக்கும் மெஷினில், உள்ளே கை இருந்தால் தானே நிற்க ஒரு சிவப்புக் கண் உண்டு. அது குருடாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. முன்பு வேறொரு பழுதைச் சொல்லி எல்லோர் ஞாயிறு லீவையும் போக்கின கடைசல் மெஷின்காரரோடு இன்றுவரை ஒருத்தரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அதனால் எல்லோரும் கூடி ஒரு வழி செய்தார்கள். மெஷின் இறங்குமுன் ஒருவர் "கை!" என்று கத்த வேண்டும். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கிற தொண்டை என்னைவிட்டால் யாருக்கு? நான் கத்தினால் அடுத்த தெரு நாயே முன்காலை இழுத்துக்கொள்ளும்.

நேற்று தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உன் தம்பி என் குரலை நம்பிக் கையை உள்ளேயே வைத்திருந்தான். கையுறை நுனி தகட்டோடு நசுங்கிப் போயிற்று. விரல் தப்பியது. "என்ன மாமா, ஊரைக் கூட்டுற வாய் இன்னிக்கு லீவா?" என்று சிரிக்கிறான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போய் மேஜையைத் தட்டினேன். "பலகை பெருசா, புள்ள கை பெருசா?" என்று ஒரு அதட்டு. வெலவெலத்துப்போய் எனக்கு நாற்காலி போட்டு, மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆகவே நீ பதறாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா

கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். குரலே இல்லாதவன் எப்படி அதட்டினான் என்று நீ கேட்பாய். கதவு வரைக்கும் போனேன் அம்மாடி. உள்ளே போகவில்லை. நாற்காலி, மேஜை எல்லாம் நானே சேர்த்தது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரி உன் ஊர்ப்பக்கம் வருகிற லாரிக்காரர் இதை விடியுமுன் உன்னிடம் தருவார். படித்தவர்கள் பேசுகிற மாதிரி அந்த மேனேஜருக்கு ஒரு போன் போடு. காலை ஷிப்டில் உன் தம்பிதான். எனக்குக் குரல் இன்னும் வரவில்லை.