பெரிய வெள்ளியன்று அத்தை குளித்தது

ஏப்ரல், பெரிய வெள்ளி, இரவு

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றுதான் இவருடைய அம்மா என்னோடு கோவிலுக்கு வந்தார். எல்லோரும் சிலுவையை முத்தமிடப் போனபோது அத்தையும் வரிசையில் வந்து ஆண்டவரின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே நுழையாமல் கொல்லைப்பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

"துட்டி வீட்டுக்குப் போயிட்டு குளிக்காம எப்புடித்தா உள்ள வாரது?"

எனக்குச் சுருக்கென்றது. கோவிலை எழவு வீடு மாதிரியும் ஆண்டவரை யாரோ செத்துப்போன ஆள் மாதிரியும் ஆக்கிவிட்டாரே என்று கோபம். கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

அத்தை கேட்டார். "சாமி சாகுமாத்தா?"

"செத்தாரு அத்தை. ஆனா சாமிதான்."

"சாமின்னா எந்திரிச்சிருவாருல்ல?"

"நாளைக்கு ராத்திரிப் பூசையில."

தலையாட்டிக்கொண்டார்.

படுக்கப் போகும்போதுதான் பார்த்தேன். அத்தையின் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுல துட்டின்னா வெளக்குப் போடுவாகளா? நாளைக்கு நானும் வாரேன். அவரு எந்திரிக்கட்டும், வந்து ஏத்திக்கிருவோம்."